துடிப்புக்கு ஒரு நட்சத்திரம்

விரலை அழுத்தினால் துடிப்பு போய்விடுகிறது, லேசாக வைத்தால் நழுவிவிடுகிறது, நடுவில் எங்கேயோ ஒரு பதம் இருக்கிறது, அது எது என்று ஹெப்சிபாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. நாணயம் அளவுக்கு ஒரு வட்டத் தகடு, அதன் நடுவில் பச்சை விளக்கு, விளக்கின் மேல் அவளுடைய இடதுகைச் சுட்டுவிரல். நாடித் துடிப்பைப் பிடிக்கிற சென்சார் என்று சொல்லி பார்சலில் வந்தது. அதிலிருந்து மூன்று ஒயர் புறப்பட்டு, காலையில் அவளே பற்றவைத்த ஒரு டிரான்சிஸ்டர் வழியாக, பழைய ஜாய்ஸ்டிக்கிலிருந்து வெட்டியெடுத்த பிளக்கில் போய் முடிகிறது. பிளக், அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரின் விலாவில். கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டியாக இருந்த காலத்துச் சாமான், தம்பி குவைத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது, டிவியில் மாட்டினால்தான் பேசும். விளையாட்டில் விண்கலத்தைச் சுடுவதற்கு ஜாய்ஸ்டிக்கில் ஒரு பொத்தான் இருக்குமே, அந்தப் பொத்தானின் வழியில்தான் இப்போது ஹெப்சிபாவின் நாடி போகிறது. ஒவ்வொரு துடிப்பும் அதற்கு ஒரு வெடி. பாளையங்கோட்டையில் யாரோ ஒரு பொம்பளை மத்தியானத் தூக்கத்தையும் விட்டுவிட்டு ஓயாமல் சுட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். நினைக்கட்டும். திரையில் புள்ளி புள்ளியாக வரிசை ஓட வேண்டும், துடிப்பு வந்தால் புள்ளிக்குப் பதில் ஒரு நட்சத்திரம் விழ வேண்டும், வரி முடிந்ததும் இரண்டு துடிப்புக்கு நடுவில் அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஆனது என்று ஓர் எண் வர வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் பண்ணுவாள், நாளைக்கு வருகிறீர்களா இல்லையா என்று கேட்பாள், அதற்குள் தன் நெஞ்சு நிற்கிறதா நிற்கவில்லையா என்று தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

நிற்கிறது என்றுதான் டாக்டர் சொன்னார். டாக்டர் என்றால் அவளிடம் பத்தாம் வகுப்புக் கணக்குப் படித்திருக்கக்கூடிய வயசு. ஒரு நாள் முழுக்க நெஞ்சில் ஒட்டிக்கொண்டு திரியச் சொன்ன பெட்டியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, மறுநாள் நீளமான காகிதத்தை விரித்துவைத்து, "உங்க ஹார்ட்டு அப்பப்ப கொஞ்சம் நின்னு யோசிக்குது மேடம். பேஸ்மேக்கர் வச்சிட்டா நல்லது" என்று சிரித்தார். நின்று யோசிக்கிறதாம். நாற்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்று யோசித்தவளுக்கு நெஞ்சு மட்டும் நடந்துகொண்டேவா யோசிக்கும் என்று பதில் சொல்லியிருக்கலாம், அப்போது வாய் வரவில்லை. அன்றைக்கு அந்தப் பெட்டியோடு அவள் அடுப்படியில் நின்று சாளைமீன் பொரித்துக்கொண்டிருந்தாள், வேர்வையில் ஒரு ஒட்டு பிய்ந்து தொங்கியது, அவள் அதை அமுக்கி ஒட்டினாள், மறுபடி பிய்ந்தது, மறுபடி ஒட்டினாள். காகிதத்தில் கோடு நேராகப் படுத்துக்கிடந்த இடம் அந்த நேரமா? ஒட்டு விட்ட நேரத்தை உயிர் விட்ட நேரம் என்று எழுதிவிட்டார்களா? இதை டாக்டரிடம் சொன்னாள். "இல்ல மேடம், அது வேற மாதிரி இருக்கும், மெஷின் கண்டுபிடிச்சிரும்" என்றார். மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கும் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அங்கேதான் இவளுக்கு ஆகாமல் போனது. இந்தக் காலத்து மெஷின் எல்லாம் விடையை மட்டும் சொல்லும், வழியைக் காட்டாது. விடையை மட்டும் எழுதிவைக்கிற பிள்ளைக்கு ஹெப்சிபா டீச்சர் மதிப்பெண் போட்டதே கிடையாது. இந்தக் கிழட்டுப் பெட்டி அப்படி இல்லை, LIST என்று அடித்தால் உள்ளே இருக்கிற புரோகிராம் அத்தனையையும் வரிவரியாகத் திரையில் கொட்டிவிடும். பேஸ்மேக்கரும் ஒரு கம்ப்யூட்டர்தான், அதை நெஞ்சுத் தோலுக்குள் வைத்துத் தைத்துவிட்டால் எங்கே போய் LIST அடிப்பது.

காலையிலிருந்து இந்தப் பெட்டியோடு மல்லுக்கு நின்றாகிவிட்டது. விரல் வைக்காமலேயே நட்சத்திரமாகக் கொட்டியது முதலில். மேஜைக்கு நாடி இருக்கிறது, அதுவும் குதிரை ஓடுகிற வேகத்தில். சென்சாரைத் தூக்கி அலமாரிமேல் வைத்தாள், அலமாரிக்கும் நாடி. பயந்துபோய் சாப்பாட்டுத் தட்டில் வைத்தாள், தட்டுக்கும். ஒயரைத் தப்பாகக் கொடுத்துவிட்டோமா, டிரான்சிஸ்டரின் கால் மாறிவிட்டதா, மூன்றேகால் வோல்ட்டுச் சாமானை ஐந்து வோல்ட்டுப் பெட்டியில் கட்டிச் சுட்டுவிட்டோமா என்று நெடுநேரம் குழம்பிக்கொண்டிருந்துவிட்டு, அலுப்பில் டியூப்லைட்டை அணைத்தபோது எல்லாம் நின்றது. விளக்கு துடித்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பைப் பச்சைக்கண்ணு பார்த்து எண்ணியிருக்கிறது. ஆலயத்துக்குக் கட்டிப்போகிற கறுப்புப் புடவையின் முந்தானையைச் சென்சார்மேல் போர்த்தி, சன்னலையும் சாத்தி, இருட்டுக்குள் டிவி வெளிச்சத்தில் இப்போது உட்கார்ந்திருக்கிறாள். வேர்க்கிறது. ஃபேன் போட்டால் முந்தானை பறக்கும். பின்கட்டில் அவள் வீட்டுக்காரர் அருமைநாயகம் குழாய்க்கு வாஷர் மாற்றுகிறேன் என்று ஸ்பேனரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார், தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கிறது. அந்தச் சொட்டும் விரல்நுனித் துடிப்பும் கொஞ்சநேரம் ஒன்றாகவே நடந்தன, பிறகு விலகின. எது தன்னுடையது என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தெரியவில்லை.

வந்தது. புள்ளி புள்ளி புள்ளி நட்சத்திரம், புள்ளி புள்ளி புள்ளி நட்சத்திரம். இவ்வளவு ஒழுங்காகத் தனக்குள் ஏதாவது ஒன்று நடக்கிறது என்பதே ஹெப்சிபாவுக்குப் பெருமையாக இருந்தது. வரி நிரம்ப நிரம்பத் திரை மேலே ஏறியது, ஏறி மறைந்த வரிகளும் வீணாகிவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் பெட்டியின் ஞாபகத்திலேயே சேர்த்துவைக்கும்படி புரோகிராமில் எழுதியிருந்தாள். பால் கவரையும் கழுவிக் காயப்போட்டு எடுத்துவைக்கிற கை, துடிப்பை எறியுமா. இந்தா பாருங்க டாக்டர் என்று நாளைக்கு முதல் வரியிலிருந்து காட்டலாம். அம்மாவுக்கு இப்படித்தான், ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவள் தலையைச் சாய்த்தாள், பாட்டு முடிகிறவரைக்கும் யாருக்கும் தெரியவில்லை, பாட்டில் லயித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம். அது எப்படி இருக்கும், உள்ளே இருக்கிறவளுக்குத் தெரியுமா, அடுத்தது வரும் வரும் என்று காத்துக்கொண்டே, புள்ளி புள்ளி புள்ளி, நட்சத்திரம். தான் போய்விட்டால் இவருக்குக் காப்பிப்பொடி டப்பா எது என்று தெரியாது. பிள்ளை இல்லாத வீட்டில் யார் முதலில் என்கிற கேள்வி எப்போதும் மேஜைமேல் உப்புக்கிண்ணம் மாதிரி கிடக்கும், இரண்டு பேருமே அதைத் தள்ளிவைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டவர்கள். இப்போது டாக்டர் அதை நடுவில் இழுத்துவைத்துவிட்டார். நட்சத்திரம். நட்சத்திரம். அடுத்தது வரவில்லை.

வரவில்லை. அவள் திரையைப் பார்க்காமல் விரலைப் பார்த்தாள், விரலை விட்டுவிட்டு நெஞ்சைப் பார்த்தாள், சேலைக்குள் ஏதாவது நிற்கிறதா என்று பார்ப்பதுபோல. காதுக்குள் ஒரு அமைதி. இதோ, இதுதான், இதைத்தான் அவர் சொன்னார், ஆண்டவரே, இப்போது வேண்டாம், அடுப்பில் பால் இருக்கிறது என்று அபத்தமாக ஒன்று மனசில் ஓடியது. பிறகு நட்சத்திரம் விழுந்தது, ஒன்றுமே நடக்காததுபோலப் புள்ளி புள்ளி என்று மறுபடி நடந்தது, வரிக்கடைசியில் எண் மட்டும் மற்ற எண்களைவிடப் பல மடங்கு பெரிதாக உட்கார்ந்திருந்தது. நின்றிருக்கிறது. ஒட்டு பிய்யவில்லை, மீன் பொரிக்கவில்லை, தன் கையால் பற்றவைத்த ஒயர், தன் கையால் அடித்த புரோகிராம், நின்றிருக்கிறது. கை ஆடினால் சென்சார் தப்பாகப் பிடிக்கும் என்று கையைக் கையால் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி நின்றது. இந்தத் தடவை முன்னைவிட நீளமாக. தலை சுற்றுகிறதா என்று தன்னையே கேட்டுப்பார்த்தாள். சுற்றுகிறது போலும் இருந்தது, இல்லை போலும் இருந்தது. நெஞ்சு இவ்வளவு நேரம் நின்றால் கண் இருட்டாதா, இருட்டவில்லையே, அறையே இருட்டாகத்தான் இருக்கிறது, அப்புறம் எப்படித் தெரியும். எழுந்து சன்னலைத் திறக்கலாம் என்றால் வெளிச்சம் வந்து கணக்கைக் கெடுக்கும். சாவதற்குப் பயந்து சாவையே இருட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

டீச்சருக்கு எப்போதும் ஒரு வழி உண்டு, ஒரு கணக்கு இடறினால் விடை தெரிந்த இன்னொரு கணக்கை அதே வழியில் போட்டுப்பார்ப்பது. "என்னங்க, இங்கன ஒரு நிமிஷம் வாரியளா" என்று கூப்பிட்டாள். அருமைநாயகம் ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றார். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்த மனுஷன், ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் வைத்து மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்டே நோவு சொல்வார், அந்தக் கர்வம் இன்னும் போகவில்லை. "எதுக்கு இவ்வளவு சுத்து, காதை வச்சு நானே கேட்டுச் சொல்லுதேன்" என்றார். "பஸ்ஸுக்குப் பாத்தது போதும், கையைத் தொடச்சிட்டு விரலை வையிங்க" என்றாள். விடை தெரிந்த கணக்கு அவர். காய்ச்சல் என்று படுத்து அவள் பார்த்ததில்லை, மாடிப்படியைத் தாவி ஏறுகிறவர். அவருடைய விரல் தடித்தது, காய்ப்புப் பிடித்தது, பச்சை விளக்கு அதற்குள் எப்படித்தான் நுழைந்ததோ, நட்சத்திரம் விழ ஆரம்பித்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விழு, நில், தயவுசெய்து நில் என்று வேண்டிக்கொண்டாள். கட்டினவன் நெஞ்சு நிற்கட்டும் என்று வேண்டுகிறோமே என்று அப்போது அவளுக்கு உறைக்கவே இல்லை. கொஞ்சநேரத்தில் நட்சத்திரம் நின்றது. "என்ன, வெறும் புள்ளியா வச்சிட்டுப் போவுது, யாரு கோலம் போடப்போறா" என்றார் அவர். பிறகு நட்சத்திரம் வந்தது, எண் பெரிதாக வந்தது. ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு பொங்கியது. உங்களுக்கும் நிக்கு, எனக்கும் நிக்கு, அப்ப பெட்டிக்குத்தான் கோளாறு என்று சொல்லிச் சிரித்தாள், சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. அவருக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் அவள் சிரித்ததே போதும் என்று அவரும் சிரித்தார். "ஒரு வாரமா இப்பதான் ஒன் பல்லைப் பாக்கேன்" என்று சொல்லிவிட்டுக் குழாய்க்குத் திரும்பிப் போனார்.

போன் பண்ணட்டும் அந்தப் பெண், வரவில்லை என்று சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது, நல்ல விதமாகச் சொல்ல வேண்டும், டாக்டர் தம்பி மனசு நோகாமல், இன்னொரு தரம் அந்தப் பெட்டியைக் கட்டிப்பார்த்துவிட்டு முடிவு பண்ணலாமே தம்பி என்று. கால் நீட்டி உட்கார்ந்தாள். உடம்பே லேசாகிவிட்டது. ஆனால் நாற்பது வருஷப் பழக்கம் விடுமா. பெட்டிக்குக் கோளாறு என்று சொன்னால் போதுமா டீச்சர், என்ன கோளாறு, வழி காட்டு என்று உள்ளே ஒருத்தி பிரம்போடு நின்றாள். சரி என்று மறுபடி விரலை வைத்து, இந்தத் தடவை நெஞ்சையோ விரலையோ பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்தது, நடந்தது, நின்றது. நட்சத்திரம் வரவில்லை. நட்சத்திரம் மட்டுமா, புள்ளியும் வரவில்லை. திரை முழுவதும் உறைந்து கிடந்தது. அவளுடைய நெஞ்சு நின்றால் பெட்டி எதற்கு நிற்க வேண்டும், அது பாட்டுக்குப் புள்ளி வைத்துக்கொண்டு போக வேண்டியதுதானே. அப்போது சிரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டாள். பெட்டி வீடு பெருக்குகிறது. பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறாள் பிள்ளைகளுக்கு. ஒவ்வொரு புள்ளி சேரும்போதும் இந்தப் பெட்டி பழைய வரியை அப்படியே போட்டுவிட்டுப் புதிதாக ஒரு வரி எழுதும். போட்டது எல்லாம் உள்ளே குப்பையாகச் சேரும். இடம் நிரம்பியதும் யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை நிறுத்திவிட்டு, எது குப்பை எது சாமான் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப்பார்த்துப் பெருக்கும், அதுவரைக்கும் உலகமே நிற்கும், கடிகாரம் மட்டும் ஓடும். சாமான் கூடக்கூடப் பெருக்குகிற நேரமும் கூடும். அதனால்தான் இரண்டாவது நிறுத்தம் முன்னதைவிட நீளம். எல்லா வரியையும் சேர்த்துவை, ஒன்றையும் எறியாதே என்று சொன்னது யார், இவள்தான். தன் வீட்டில் செய்கிற காரியத்தையே பெட்டிக்குள்ளும் செய்துவைத்துவிட்டு, அது பெருக்க உட்கார்ந்ததைத் தன் சாவு என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வரியைச் சேர்க்கிற வேலையே வேண்டாம் என்று புரோகிராமை மாற்றினாள். புள்ளியும் நட்சத்திரமும் நேராகத் திரையில் போய் உட்காரட்டும், பழையதெல்லாம் போகட்டும், குப்பையே சேராது. RUN அடித்து விரலை வைத்தாள். நடந்தது. நடந்துகொண்டே இருந்தது. திரை பலமுறை நிரம்பி அழிந்தது, ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. இதனால் டாக்டர் சொன்னது பொய் என்று ஆகிவிடாது என்று அவளுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிப் பெட்டி ஒரு நாள் பூராவும் பார்த்தது, இது ஒரு மத்தியானம்கூட முழுதாகப் பார்க்கவில்லை, தூக்கத்தில் நிற்கிறதோ என்னவோ. தெரியும். தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது. நட்சத்திரங்கள் விழுவதைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடினாள். குழாய்ச் சொட்டு நின்றிருந்தது, வாஷர் மாற்றிவிட்டார் போலிருக்கிறது. புள்ளி. புள்ளி. வெறும் புள்ளியா வச்சிட்டுப் போவுது. யாரு கோலம் போடப்போறா. கண்ணைத் திறந்தாள்.

புள்ளி போனதே. அவர் விரல் வைத்திருந்தபோது பெட்டி நிற்கவில்லையே. பெட்டி பெருக்க உட்கார்ந்தால் புள்ளியும் அல்லவா நிற்க வேண்டும். அவருக்கு நட்சத்திரம் மட்டும்தானே நின்றது, புள்ளி பாட்டுக்குப் போனது, அதை அவரே சொன்னார், இவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இல்லை, இல்லை, விரலை நகர்த்தியிருப்பார். ஈரக் கை, நழுவியிருக்கும். காய்ப்பு விரல், ஒளி சரியாகப் போயிருக்காது. அழுத்தி வைத்திருப்பார், அவர் எதையும் ஸ்பேனர் மாதிரித்தானே பிடிப்பார், அழுத்தினால் துடிப்பு போய்விடும் என்று காலையிலிருந்து தெரியுமே. முந்தானை விலகியிருக்கலாம். விலகினால் நட்சத்திரம் கொட்டுமே தவிர நிற்காதே. கூப்பிட்டுப் பார்த்துவிட வேண்டியதுதான். கூப்பிட வாய் வரவில்லை. பார்க்காமல் இருந்தால் அவர் நன்றாக இருக்கிறார். இத்தனை வருஷமும் பார்க்காமல்தானே நன்றாக இருந்தார். அந்தக் காலத்தில் பிள்ளை இல்லை என்று அலைந்தபோதும் சோதனை எல்லாம் இவளுக்குத்தான், நாகர்கோவில், மதுரை, வேலூர் என்று எத்தனை படுக்கையில் இவள் கால் மடக்கிப் படுத்திருப்பாள், அவர் வெளியே பெஞ்சில் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவரையும் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை, இவளும் சொன்னதில்லை, அவர் அம்மா இருந்த வீட்டில் அதைச் சொல்லவும் முடியாது. அவர் சாட்சி, இவள்தான் கணக்கு. இன்றைக்கும் தன் நெஞ்சு நல்ல நெஞ்சு என்று நிரூபிக்க அவர் விரலைக் கடன் வாங்கி, நிற்கட்டும் நிற்கட்டும் என்று வேண்டி, நின்றதும் சிரித்து அனுப்பிவிட்டாள். வெட்கமும் பயமும் கலந்து வந்தது, அதற்கு எந்த சென்சாரும் கிடையாது.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "இன்னும் விடலையா அந்தப் பெட்டியை" என்று சொல்லி, கேட்காமலே உட்கார்ந்து விரலை நீட்டினார். அவள் அந்த விரலைத் தன் முந்தானையால் நன்றாகத் துடைத்தாள், அழுத்தாமலும் விலகாமலும் தானே பிடித்துப் பச்சை விளக்கின்மேல் வைத்து, மேலே தன் கையை வைத்துக்கொண்டாள். நட்சத்திரம் விழுந்தது. அவர் பேசிக்கொண்டிருந்தார், வாஷர் இப்போதெல்லாம் ரப்பரே இல்லை, எல்லாம் பிளாஸ்டிக், அந்தக் காலத்தில் பழைய டியூபை வெட்டி நானே செய்வேன், எதிர்வீட்டுக் குழாயும் ஒழுகுகிறதாம். அவள் ம் ம் என்றாள். நடந்தது. நடக்கும், ஒன்றும் இருக்காது, ஆண்டவரே, இத்தனை நேரம் நடந்துவிட்டதே, போதும், எடுத்துவிடலாமா, இன்னும் ஒரே ஒரு திரை பார்த்துவிட்டு எடுத்துவிடலாம், திரை நிரம்பியது, அழிந்தது, நட்சத்திரம், நட்சத்திரம், புள்ளி புள்ளி புள்ளி புள்ளி புள்ளி. அவருடைய பேச்சு ஒரு சொல்லின் நடுவில் தேய்ந்தது. புள்ளி போய்க்கொண்டே இருந்தது, வரி முடிந்து அடுத்த வரியிலும் போனது. அவள் கைக்கு அடியில் இருந்த விரல் சூடாகத்தான் இருந்தது. பிறகு நட்சத்திரம் விழுந்தது. "என்ன சொல்லிட்டிருந்தேன்" என்று கேட்டுவிட்டு அவர் கண்ணைக் கசக்கினார். "எதிர்வீட்டுக் குழாய்" என்றாள் அவள். "ஆமா, அதுதான். இந்த இருட்டுக்குள்ள உக்காந்தா தூக்கம்தான் வருது. இப்பல்லாம் இப்படித்தான், சட்டுனு ஒரு சொக்கு சொக்கும், போயிரும்" என்றார். எப்ப இருந்து என்று அவள் கேட்டாள். "அது கெடக்கு, ஒனக்கே ஆயிரம், இதுல இது வேறயா" என்றார் அவர்.

போன் அடித்தது. அவள் கையை அவர் விரல்மேலிருந்து எடுக்காமலே மறுகையால் எட்டி எடுத்தாள். ஆஸ்பத்திரிப் பெண்தான், பாடிப் பாடிப் பேசுகிற குரல். "மேடம், நாளைக்கு அட்மிஷன் கன்ஃபார்ம் பண்ணிரலாமா?"

"வாரோம்மா."

"சரிங்க மேடம். பேஷன்ட் ஹெப்சிபா, கரெக்டா?"

"அதோட இன்னொரு பேரும் எழுதிக்கிடு. அருமைநாயகம். அவங்களையும் டாக்டர் பாக்கணும். நாளைக்கே பாக்கணும், அவங்களைத்தான் முதல்ல பாக்கணும்."

அருமைநாயகம் திரும்பிப் பார்த்தார். "என் பேரை எதுக்குச் சொல்லுத?" என்றார். விரலை எடுக்கப்போனார், அவள் விடவில்லை. திரையில் நட்சத்திரம் ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது, அவர் அதைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பஸ் எஞ்சினில் நோவு கேட்கும்போது இருப்பது போல் முகம் மெல்ல அமைதியாகிவிட்டது. விரலை அங்கேயே விட்டுவிட்டார்.

"ஓகே மேடம், ரெண்டு பேர் போட்டுக்கறேன்" என்றது போன். "கூட இருந்து பாத்துக்கறதுக்கு அட்டெண்டர் யாரு மேடம்? அந்தப் பேரும் வேணும். பசங்க யாராச்சும் வருவாங்களா?"

ஹெப்சிபா பதில் தேடினாள். தேடத் தேட வீடு பெரிதாகிக்கொண்டே போனது.

"எனக்கு அவங்க" என்றாள். "அவங்களுக்கு நான்."